குழந்தைகளிடம் மூன்று வாரத் தன்னார்வலர்கள் வேண்டாம்: இங்கேயும், ஆப்பிரிக்காவிலும்
வெளிநாட்டுத் தன்னார்வப் பணி குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் பெண்களோடும் குழந்தைகளோடும் வேலை செய்யும் சிறிய அமைப்பு எங்களுடையது. சமயச் சார்போ கட்சிச் சார்போ கிடையாது. சில காலமாக இரண்டு வகைக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று வெளிநாட்டிலிருந்து வருவது. கோடை விடுமுறையில் மூன்று வாரம் வந்து உங்கள் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் தங்கி உதவலாமா என்று கேட்பார்கள். மற்றது நம் கல்லூரிகளிலிருந்து. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்ய மாணவர்களை அழைத்துப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது, கட்டணம் கட்டினால் சான்றிதழும் உண்டு, அனுப்பலாமா என்று கேட்பார்கள். அப்படி வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் எந்த நாடு என்றே போடவில்லை. 54 நாடுகள் உள்ள கண்டத்துக்கு வெறுமனே 'ஆப்பிரிக்கா' என்று முகவரி.

இரண்டு கடிதங்களுக்கும் எங்கள் பதில் ஒன்றுதான். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்க வருகிற யாரையும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், குழந்தைகளை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்க்கக் கூடாது. அதே வேலைக்கு நம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அயர்லாந்துப் பெண் இங்கே வந்தால் தொந்தரவு, அம்பாசமுத்திரத்துப் பெண் உகாண்டாவுக்குப் போனால் சேவை என்று இரட்டை நாக்கோடு பேச எங்களால் முடியாது.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இருநூறு ஆண்டுகளாக வெளிநாட்டார் வந்து 'உதவி' செய்த மண் இது. 1820-இல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தது முதல் கணக்கு வையுங்கள். பார்வையற்றோர்க்கான பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் இங்கேதான் தொடங்கினார். காது கேளாதோர்க்கான பள்ளியை அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன. சாரா டக்கர் கதை இன்னும் சுவையானது. இந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. உடல் நலிவோடு இங்கிலாந்தில் இருந்தபடியே நம் பெண்களின் படிப்புக்காகப் பாடுபட்டார். அவர் பெயரில் உள்ள கல்லூரிக்கு நம் வீட்டுப் பெண்கள் இன்றும் பஸ் ஏறிப் போகிறார்கள். உதவ வேண்டுமென்றால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இவர்களில் அதிகம் பேசப்படுபவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, 1901-இல் களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் தங்கியவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளை அவர் எடுத்து வளர்த்தார். 1918-இலிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். வந்த புதிதில் அவருடைய முதல் வேலை தமிழ் படிப்பதாகத்தான் இருந்தது. சேலை கட்டிக்கொண்டார். 1951-இல் டோனாவூரிலேயே இறந்தார்; இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. தன்னார்வப் பணிக்கு வர விரும்புகிறவர்கள் தங்கள் கடிதத்தில் இவரைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஐம்பத்தைந்து ஆண்டை மூன்று வாரமாகச் சுருக்கிவிட்டு முன்மாதிரி என்பது எந்தக் கணக்கு என்று எங்களுக்குப் புரியவில்லை.

அதற்காக டோனாவூரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடவும் மாட்டோம். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது அவர், சமயம் கொடுத்தது அவர், யாரோடு வளர வேண்டும் என்று தீர்மானித்ததும் அவர். பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது சட்டம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும் வெளியிலும் ஆண்டுக்கணக்கில் வாதாடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்தவர் கையில் கிடைத்த குழந்தைகளைத் தூக்கினார். கதவையே அடைத்தவர்கள் இந்த மண்ணின் பெண்கள்.

வாங்கிய கை மட்டுமல்ல, அனுப்பிய கையும் நமக்கு உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தாமிரபரணிப் பக்கத்துத் தமிழர்களை அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. பின்னால் அவரே அங்கே போனார், தெலுங்கு கற்றார், 1912-இல் அங்கே பேராயரும் ஆனார். அதற்கு முன் 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் அவர் எழுந்து பேசியது பலருக்குக் கசந்தது. நீங்கள் செய்த தியாகத்தை எங்கள் மக்கள் மறக்க மாட்டார்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவருடைய சமயப் பணி பற்றி எங்களுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கையை முன்வைத்தவர் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போனால் பீடித் தட்டை மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி, கட்டுக் கட்டிப் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். இந்தப் பெண்களைக் காலை பதினோரு மணிக்குப் 'பெண்கள் முன்னேற்றப் பயிலரங்கு' என்று கூப்பிட்டால், போய் வந்த நேரத்தை ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துதான் ஈடுகட்ட முடியும். வந்த தன்னார்வலருக்கு இது தெரியாது. கேட்பதற்கு மொழியும் கிடையாது. அவர் கை தட்டச் சொன்னால் அக்காமார் தட்டுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். படத்தில் அந்தச் சிரிப்பு நன்றாகவே விழும். மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணின் காலைப் பொழுதுக்கும் இதே போல் ஒரு விலை உண்டு. நம் மாணவர்கள் அங்கே போய் இறங்கும்போது அதைக் கெடுப்பவர்கள் நாமாக இருப்போம்.

குழந்தைகள் விஷயம் இதைவிடக் கடினமானது. இல்லங்களில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. வாசலில் யார் வந்து இறங்கினாலும், அவர் யார் என்றே தெரியாமல், நாலு வயதுப் பிள்ளை ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். வந்தவர் நெகிழ்ந்துபோவார். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று எழுதுவார். வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை அப்படிச் செய்யாது. அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்ற வித்தியாசம் அழிந்துபோன பிள்ளைதான் எல்லோரையும் கட்டிக்கொள்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓர் அக்கா வந்து, தலை பின்னி, கதை சொல்லிவிட்டுப் போய்விட்டால், "மறுபடி எப்ப வருவீய?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே இருக்கும் ஆயாம்மா.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும்; குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில்தான் குழந்தை அங்கே இருக்க முடியும்; அந்தக் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவது குற்றம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கேட்டுக்குப் பக்கத்தில் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படமெடுக்கும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆளாளுக்கு அழைத்துப்போக முயன்றபோது தமிழ்நாடு அரசு குறுக்கே நின்று, நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் தானே இல்லங்களைத் திறந்தது. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதற்கு அது நம் ஊர் உதாரணம்.

ஆப்பிரிக்க நாடுகளே இதை நம்மைவிட உறுதியாகச் சொல்லிவருகின்றன. ருவாண்டா 2012-இலிருந்து அனாதை இல்லங்களை மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் வேலையில் இறங்கியது. புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்யா 2017-இல் நிறுத்திவைத்தது. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. வெளிநாட்டுத் தன்னார்வலரின் கட்டணத்தில் ஓடும் இல்லத்துக்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். தேவை இருந்தால் ஆள் பிடிப்பவர்களும் வந்துவிடுவார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும் இந்த வகைத் தன்னார்வச் சுற்றுலாவைத் தடுக்கச் சொல்கிறது.

எங்கள் கூட்டத்திலேயே ஒரு பேராசிரியர் மறுத்துப் பேசினார். பத்தமடை தாண்டாத பிள்ளை உலகத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்கட்டும், பயணியாகப் போகட்டும், படிக்கப் போகட்டும், வேலைக்குப் போகட்டும். எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தி வந்த தமிழர்கள் பலர். அந்தப் பத்தமடையிலேயே பிறந்த குப்புசாமி, பிற்காலத்தில் ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர், மருத்துவம் படித்துவிட்டு 1913-இல் மலேயாவுக்குப் போய்ப் பத்தாண்டு தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கையில் தொழில் இருந்தது, தங்க நேரம் இருந்தது. படிப்பு முடியாத பத்தொன்பது வயதுப் பிள்ளை நம் ஊர் அங்கன்வாடியில் செய்ய அனுமதி இல்லாத வேலையை, கடல் தாண்டியதும் செய்யலாம் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி வேறு வழியைக் காட்டியது. ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து, பலரும் பாட்டி வயதில் உள்ள, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்களை அங்கே வரவழைத்து, ஆறு மாதம் சூரிய மின் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பழக்கினார்கள். திரும்பிப் போன பெண்கள் தங்கள் ஊரில் விளக்கேற்றினார்கள். பொது மொழி இல்லாமல் அதைச் செய்ய முடிந்ததே, நீங்கள் மட்டும் ஏன் மொழி மொழி என்கிறீர்கள் என்று சிலர் மடக்குவார்கள். கம்பியை நிறம் பார்த்து இணைக்கலாம். அழுகிற பிள்ளையிடம் அது செல்லாது.

கோரைப்பாய் நெய்யும் பத்தமடைப் பெண்களையும் ருவாண்டாவில் கூடை முடையும் கூட்டுறவுப் பெண்களையும் சேர்த்து உட்கார வைக்க யாராவது பணம் கொடுத்தால், அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை நாங்கள் செய்வோம். மூன்று வாரம் போதும்.

இனி எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் முதல் கேள்வி இதுதான்: நீங்கள் வர வேண்டும் என்று அந்த ஊரில் யார் கேட்டது? ஊராட்சியோ மகளிர் குழுவோ பள்ளியோ எழுதிய கடிதம் இல்லாவிட்டால் மேலே படிக்க மாட்டோம். இருந்தால், ஆறு மாதம் தங்குவாரா, ஊர் மொழியை முன்கூட்டிப் படிப்பாரா, காவல்துறைச் சான்று தருவாரா, உள்ளூர் ஆளின் கீழ் வேலை செய்வாரா என்று பார்ப்போம். கணக்கு எழுத, கழிவறை கட்ட, பேச்சுப் பயிற்சி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் குறைந்த காலத்துக்கு வரலாம். அவர்கள் வேலை பெரியவர்களோடு மட்டும்.

கட்டணம் வாங்கி மாணவர்களை ஆப்பிரிக்கக் குழந்தைகள் இல்லங்களுக்கு அழைத்துப்போகும் எந்த நிறுவனத்துக்கும் பரிந்துரைக் கடிதம் தர மாட்டோம். மாவட்டக் கல்லூரிகள் இதற்கு மதிப்பெண்ணோ வருகைப் பதிவுச் சலுகையோ தரக் கூடாது என்று முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விமானக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தை அனுப்ப விரும்பும் மாணவர்களுக்கு, பிள்ளைகளைக் குடும்பத்திலேயே வைத்துப் படிக்க உதவும் அந்நாட்டு அமைப்புகளைத் தேடித் தருகிறோம். அந்தத் தொகை அங்கே ஒரு பணியாளருக்குப் பல மாதச் சம்பளம்.

கல்லூரிகள் கூப்பிட்டால் வந்து பேசுவோம். பேச வருகிறவர்களில் முக்கூடலைச் சேர்ந்த பீடி சுற்றும் அக்காமார் இருவரும் இருப்பார்கள். அவர்களுடைய அன்றைய கூலியைக் கல்லூரி கொடுத்துவிட வேண்டும்.