தோற்ற வேட்பாளரின் வென்ற பேச்சு

அமெரிக்கத் தேர்தல் களத்தில் வேட்பாளர் ஒருவர் இனத்தைப் பற்றியோ வறுமையைப் பற்றியோ தகாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டால், அந்நாட்டுச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் உடனே எழுப்பும் கேள்வி, அவ்வார்த்தை அவருக்கு எத்தனை வாக்குகளை இழக்கச் செய்யும் என்பதுதான். கருத்துக்கணிப்புகள் எடுக்கப்படுகின்றன, மன்னிப்புக் கேட்டாரா, மழுப்பினாரா என்று அலசப்படுகிறது, அடுத்த பரபரப்பு வந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. கடந்த ஐம்பது ஆண்டுத் தேர்தல்களைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியின் போதாமை விளங்கும். ஏழைகளை இழிவுபடுத்திய பேச்சு, பேசியவரைத் தண்டித்ததும் உண்டு, அவருக்கு வெற்றி தேடித் தந்ததும் உண்டு. இவ்விரண்டில் எது நடக்கும் என்பதைப் பேச்சின் கொடுமை முடிவு செய்யவில்லை. இழிவுபடுத்தப்பட்ட ஏழையைப் பெரும்பான்மை வெள்ளையின வாக்காளர் தம்மவராகக் கண்டாரா, அயலாராகக் கண்டாரா என்பதே முடிவு செய்தது. அதனினும் கவனிக்கத்தக்கது, பேசியவர் தோற்ற தேர்தல்களில்கூட அவருடைய பேச்சு தோற்கவில்லை என்பதாகும்.

1976-ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், பதவியிலிருந்த ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்துக் கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரீகன் நின்றார். பிரைமரி எனப்படும் அந்த உட்கட்சித் தேர்தல் மாநிலம் மாநிலமாக நடப்பதால், ஒரே உரையைச் சிற்சில மாற்றங்களோடு ஊர் ஊராகப் பேசுவது அங்கே வழக்கம். அவ்வுரையில் ரீகன் சிகாகோ நகரப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்லிவந்தார்: அவருக்கு 80 பெயர்கள், 30 முகவரிகள், 12 சமூகப் பாதுகாப்பு அட்டைகள், இல்லாத நான்கு கணவர்கள் இறந்துவிட்டதாகக் காட்டிப் படைவீரர் உதவித்தொகை வாங்குகிறார், வரியில்லா வருமானம் மட்டுமே 1,50,000 டாலர். அப்படி ஒரு பெண் இருந்தது உண்மை, மோசடி செய்ததும் உண்மை. ஆனால் 1977-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்த வழக்கில் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 8,000 டாலர்தான். ‘வெல்ஃபேர் குயீன்’, அதாவது அரசின் உதவித்தொகையில் ராணிபோல் வாழ்பவள், என்று செய்தித்தாள்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் அவரோடு நிற்கவில்லை. பெற்றோரின் ஆதரவை இழந்த ஏழைக் குழந்தைகளுக்காக 1935-இல் தொடங்கப்பட்டு, ஏ.எஃப்.டி.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட திட்டத்தில் அப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் உதவி பெற்றுவந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அத்தனை பேருக்கும் அந்த ஒருவருடைய முகமே ஒட்டப்பட்டது.

ரீகன் அப்பெண்ணின் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்போருக்கு அது விளங்கியது. இத்தகைய பேச்சை மறைகுறிப் பேச்சு எனலாம்: இனத்தின் பெயரை உச்சரிக்காமல், இனத்தை நினைவூட்டும் ஊர்ப்பெயரையும் தொழிலையும் குற்றத்தையும் மட்டும் சொல்லி, மிச்சத்தைக் கேட்பவரின் மனத்துக்கு விட்டுவிடுவது. அதே பிரச்சாரத்தில் இடம்பெற்ற இன்னொரு கதை இதன் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கடையில் வரிசையில் நிற்கும் உழைப்பாளி தம் காசில் மலிவான கொத்திறைச்சி வாங்கக் காத்திருக்க, அவருக்கு முன்னால் நிற்கும் இளைஞன் ஒருவன் அரசு தந்த உணவுக் கூப்பனைக் கொடுத்து விலையுயர்ந்த மாட்டிறைச்சித் துண்டை வாங்கிச் செல்கிறான் என்பது அக்கதை. வேறிடங்களில் ‘யாரோ ஓர் ஆள்’ என்று வந்தவன், ஃபுளோரிடா கூட்டமொன்றில், தென்மாநிலங்களில் கட்டுமஸ்தான கறுப்பின ஆணை ஏளனமாகக் குறிக்க வழங்கிவந்த சொல்லால் சுட்டப்பட்டான். செய்தியாளர்கள் அதைப் பதிவு செய்தனர். ரீகனுக்கு அதனால் குறிப்பிடத்தக்க இழப்பு எதுவும் நேரவில்லை. கட்சி மாநாட்டில் அவர் 1,070-க்கு 1,187 என்ற வாக்குக் கணக்கில் ஃபோர்டிடம் தோற்றார், நான்காண்டுகளில் அதிபரானார்.

வறுமை என்றதும் கறுப்பு முகம் நினைவுக்கு வருவது அந்நாட்டில் என்றும் இருந்த வழக்கமன்று. 1964-இல் வறுமைக்கு எதிரான போரை அறிவித்த அதிபர் லிண்டன் ஜான்சன், கென்டக்கி மாநிலத்து ஐனெஸ் என்னும் சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தையான வேலையற்ற வெள்ளையினத் தொழிலாளி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடிய படமே அன்று நாடெங்கும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் நகரங்களில் கலவரங்கள் மூண்டபோது பத்திரிகைப் படங்கள் மாறின. அரசியல் அறிஞர் மார்ட்டின் கைலன்ஸ் இம்மாற்றத்தைப் படம் படமாக எண்ணிப் பார்த்தார். 1988 முதல் 1992 வரை டைம், நியூஸ்வீக், யு.எஸ். நியூஸ் ஆகிய மூன்று வார இதழ்களிலும் வறுமைச் செய்திகளோடு அச்சான படங்களில் இருந்த ஏழைகளுள் 62 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். உண்மையில் நாட்டின் ஏழைகளில் அவர்கள் 29 விழுக்காட்டினரே. இதைவிட மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றையும் அவர் கண்டார். முதியோர், உழைத்தும் வறுமை தீராதோர் என்று வாசகர் இரக்கப்படக்கூடிய ஏழைகளைப் பற்றிய கட்டுரைகளில் கறுப்பு முகங்கள் குறைந்தன. சோம்பலோடும் குற்றத்தோடும் இணைத்துப் பேசப்பட்ட அடித்தட்டு மக்களைப் பற்றிய கட்டுரைகளில் அவை மட்டுமே இருந்தன. மேடையில் நிறத்தைச் சொல்லாமல் பேச வேட்பாளர்களால் முடிந்ததற்குக் காரணம், அதைப் பத்திரிகைகள் முன்பே சொல்லி வைத்திருந்ததுதான். இன்று அதே பத்திரிகைத் துறை அரசியல்வாதியின் வாய்த்தவறுகளுக்குத் தீர்ப்பளிக்கும் இடத்தில் அமரும்போது, இந்தப் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மறைகுறி வேலை செய்வது அது மறைந்திருக்கும் வரைதான் என்பதை அரசியல் அறிஞர் டாலி மெண்டல்பர்க் 2001-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. 1960-களின் உரிமைப் போராட்டங்களுக்குப் பிறகு, இன இழிவை வெளிப்படையாகப் பேசுவது தகாது என்ற சமத்துவ நெறியை வெள்ளையினத்தவரில் பெரும்பாலோர் ஏற்றிருந்தனர். ஆனால் இனம் சார்ந்த மனக்கசப்பு அவர்களிடம் எஞ்சியிருந்தது. 1988 அதிபர் தேர்தலில் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுக்காக்கிஸுக்கு எதிராக, அவர் மாநிலச் சிறையிலிருந்து விடுப்பில் வெளிவந்த கறுப்பினக் கைதி ஒருவர் செய்த கொடுங்குற்றத்தை ஜார்ஜ் புஷ் தரப்பு இடைவிடாது பேசியது. அது குற்றம் பற்றிய பேச்சாக மட்டும் தோன்றிய வாரங்களில் அக்கசப்பு புஷ்ஷுக்கு ஆதரவாகத் திரண்டது. அக்டோபரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அதை இனவெறி என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டி, பத்திரிகைகளும் அவ்வாறே விவாதிக்கத் தொடங்கியபின் அதன் வலு குறைந்தது. தேர்தலில் புஷ் வென்றார்; ஆயினும் பெயர் சொல்லிக் கண்டிப்பதற்குப் பயன் உண்டு என்பதற்கு இது அழுத்தமான சான்று.

2012 தேர்தலை இந்த நோக்கில் மீண்டும் படிப்பது நலம், ஏனெனில் இருவகைப் பேச்சும் ஒரே ஆண்டில், ஒரே கட்சியில் நிகழ்ந்தன. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த நியூட் கிங்ரிச், அதிபர் ஒபாமாவை ‘உணவுக் கூப்பன் அதிபர்’ என்று அழைத்து வந்தார். மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளான ஜனவரி 16 அன்று தென் கரோலினாவில் நடந்த விவாதத்தில், இப்பேச்சு கறுப்பினத்தவரைப் புண்படுத்தாதா என்று கறுப்பினச் செய்தியாளர் ஜுவான் வில்லியம்ஸ் கேட்டபோது, கிங்ரிச் இல்லை என்று மறுத்தார். அவையினர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். ஐந்தாம் நாள் அம்மாநிலப் பிரைமரியில் அவர் 12 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். கூப்பன் பெற்ற ஏறத்தாழ 4.6 கோடிப் பேரில் ஆகப் பெரிய பிரிவினர் வெள்ளையினத்தவரே என்ற உண்மை அந்த அரங்கில் எடுபடவில்லை. இறுதியில் வேட்பாளரான மிட் ராம்னியும் ஆகஸ்டில், ஒபாமா அரசு உதவித்தொகை பெறுவோருக்கான வேலை நிபந்தனையை ஒழித்துவிட்டதாக விளம்பரம் வெளியிட்டார். அது பொய் என்று சரிபார்ப்பாளர்கள் காட்டியபின்னும் நிறுத்தவில்லை, அதற்காகப் பெரிய இழப்பையும் அடையவில்லை. செப்டம்பரில் வெளியான ஒளிப்பதிவு வேறுவகை. ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் மே மாதம் செல்வந்தர்களிடம் நிதி திரட்டிய விருந்தில், வருமான வரி கட்டாத 47 விழுக்காட்டினர் அரசையே சார்ந்து வாழ்வோர் என்றும், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது தம் வேலையன்று என்றும் ராம்னி பேசியிருந்தார். அந்த 47-க்குள் ஓய்வூதியம் பெறும் முதியோரும், குறைந்த கூலிக்கு உழைத்துச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் வரியைக் கட்டிவருவோரும், அவர் கட்சிக்கே வாக்களித்துப் பழகிய வெள்ளையினக் குடும்பங்களும் அடங்கியிருந்தனர். அதனால்தான் அது விபத்தாயிற்று. அரசியல் அறிஞர்கள் ஜான் சைட்ஸும் லின் வாவ்ரெக்கும் அத்தேர்தலை ஆராய்ந்து, கருத்துக்கணிப்புகளில் அப்பேச்சு விளைத்த மாற்றம் சிறிதே என்று காட்டியிருக்கிறார்கள். எனினும் ராம்னி வாரக்கணக்கில் விளக்கம் சொல்லவும், பின்னர் அது முற்றிலும் தவறு என்று ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. கூப்பன் பேச்சுக்காகக் கிங்ரிச்சை அப்படி ஒப்புக்கொள்ள வைக்க அவர் கட்சியில் எவரும் முனையவில்லை.

இந்த வேறுபாடு ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2008-இல், ஆலைகள் மூடப்பட்ட பென்சில்வேனியச் சிற்றூர் மக்கள் மனம் கசந்து துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா சொன்னபோது, அவ்வேழைகள் வெள்ளையினத்தவர் என்பதால் கண்டனம் உடனே எழுந்தது. அவர் தம் சொற்களுக்கு வருந்த வேண்டியதாயிற்று. வர்ஜீனியாவில் 2006-இல் செனட்டர் ஜார்ஜ் ஆலன், எதிரணிக்காகப் படம்பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரை இழிசொல்லால் அழைத்து, 10,000-க்கும் குறைவான வாக்குகளில் பதவியை இழந்தார். வெளிப்படையான இன இழிவு அப்போது இன்னும் விலை கேட்டது. அந்த நெறியும் இன்று தளர்ந்துவிட்டது. 2015 ஜூனில் மெக்சிகோவிலிருந்து வருவோரைக் குற்றவாளிகள் என்று டொனால்ட் டிரம்ப் பேசியபோது வணிக நிறுவனங்கள் அவரோடு உறவை முறித்தன, வாக்காளர்கள் முறிக்கவில்லை. நிக்கோலஸ் வாலண்டினோவும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வெளிப்படையான இனப்பேச்சையும் வெள்ளையின வாக்காளர் பலர் இப்போது ஒதுக்குவதில்லை என்று காட்டுகிறது. மறைத்துப் பேச வேண்டிய கட்டாயமே குறைந்துவிட்ட காலத்தில், வாக்கிழப்பு என்ற அச்சத்தை நம்பி ஏழைகளின் மானத்தைக் காக்க முடியாது.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய பேச்சு எழும்போது, அதைச் செய்தியாக்குவோரும் அச்செய்திகளைத் தமிழில் தருவோரும், பேசியவரின் வாக்கு விழுக்காட்டோடு நின்றுவிடாமல், பேசப்பட்டவர்களுக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதையும் தொடர்ந்து சென்று எழுத வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. சிகாகோப் பெண்ணின் கதையை அப்படித் தொடர்ந்து சென்றால் கிடைப்பது இது. ரீகன் அதிபரான 1981-லேயே விதிகள் இறுக்கப்பட்டு, ஏறத்தாழ 4 லட்சம் குடும்பங்கள் உதவித்தொகைக்கான தகுதியை இழந்தன. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ரீகனுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த அதிபர் பில் கிளின்டன், தமது மறுதேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த 1996 ஆகஸ்ட் 22 அன்று, 1935-இன் திட்டத்தையே ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கண்டித்து அவரது அரசின் உயரதிகாரி பீட்டர் எடெல்மன் பதவி விலகினார். புதிய சட்டப்படி மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் 1,650 கோடி டாலர் என்று நிர்ணயிக்கப்பட்ட நிதி, விலைவாசி ஏறியும் உயர்த்தப்படவில்லை. அதை ஏழைகளின் கையில் பணமாகத் தராமல் வேறு செலவுகளுக்குத் திருப்பவும் மாநிலங்களுக்கு இடமுண்டு. 1996-இல் குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்கள் நூற்றில் 68-க்கு உதவித்தொகை கிடைத்தது. 2020-இல் அது நூற்றில் 21.