பாரிசவாதத்தில் விழுந்த தொழிலாளிக்கு லயம் எத்தனை நாள்?

எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை ஆகிய கேகாலைத் தோட்டப் பகுதிகளில் இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி, ஆணாயினும் பெண்ணாயினும், விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக மலையேறுகிறார். அவருடைய வலக்கை ஒரு நாள் அசைய மறுத்தால் அக்குடும்பத்தின் கதி என்ன? ஆள்வோரையும் தோட்டக் கம்பெனிகளையும் நாம் கேட்கிறோம்.

மூளையின் இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன், அடைப்பா இரத்தக்கசிவா என்று தலையைப் படம் பிடித்துப் பார்க்கவும் வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலையுச்சி லயத்திலிருந்து தார் ரோடுவரை நோயாளியைத் தூக்கி வருவதில் கழியும் நேரத்துக்கு யார் பொறுப்பு? வாய் கோணியதும் எண்ணெய் தேய்த்துக் காத்திருப்போரும் உளர். இரத்த அழுத்தத்தை அளந்து எச்சரிக்க ஆளில்லாத இடத்தில் அவர்களை மட்டும் பழிப்பது நேர்மையன்று.

உயிர் தப்பி வீடு திரும்பிய பிறகே உண்மையான துன்பம் தொடங்குகிறது. அன்றாடம் பேர் விழுந்தால்தான் சம்பளம். நோயாளியின் பேர் நின்றுவிடுகிறது. அவரைத் தூக்கிவிட, குளிப்பாட்ட, உணவூட்ட மனைவி வீட்டில் நின்றால் இரண்டாவது பேரும் போகிறது. மனைவி மலைக்குப் போனாலோ, பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய மகள் வீட்டில் நிற்கிறாள்! ஒரே அறை; இறங்கப் படிகள்; கழிவறை வெளியே. கைத்தடியோடு நடக்கப் பழக அங்கே சமதரை ஏது? லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்ய ஆளில்லாத குடும்பம் அங்கே என்றும் அச்சத்துடனேயே வாழ்கிறது.

பேச்சிழந்தவர் நிலை இதனினும் கொடிது. இழந்த பேச்சை அவரவர் தாய்மொழியிலேயே மீட்கப் பழக்கவேண்டும். சிங்களம் மட்டுமே அறிந்த பயிற்சியாளர், எவ்வளவு நல்லவராயினும், தமிழ்ச் சொல்லை நோயாளியின் நாவுக்கு எவ்வாறு மீட்டுத் தருவார்? 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று என்பது ஏட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அது வந்து சேரவேண்டாமா?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, 2003இல் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. காணியுரிமையோ ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று மேடைகளில் வளர்கிறது. நுவரெலியாவைப் போல் திரண்டு வாழாமல், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் கேகாலைத் தமிழரின் குரல் தேர்தல் காலத்திலும் மெலிந்தே கேட்கிறது.

நாம் கேட்பது இதுதான்: நோயாளியின் குடும்பத்தை லயத்திலிருந்து எழுப்பலாகாது, காணியுறுதி வழங்கும்போது இயலாதோர் குடும்பங்களுக்கே முதலிடம் வேண்டும், கரவனல்லை, கேகாலை ஆஸ்பத்திரிகளிலிருந்து தமிழறிந்த உடற்பயிற்சி, பேச்சுப்பயிற்சி உத்தியோகத்தர்கள் மாதத்தில் சில நாட்களேனும் தோட்டங்களுக்கு வரவேண்டும். வைத்தியர்களும் சட்டத்தரணிகளுமான நம் வாசகர்கள் தத்தம் சங்கங்களில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களா?