சிவப்புச் சில்லும் புருஷாமிருகமும்

தமிழ் விஞ்ஞானக் கதைக்கு இன்னும் ஒரு வீரன் கிடைக்கவில்லை. யந்திரம் கிடைத்தது, கிரகம் கிடைத்தது, சர்வாதிகாரியும் கிடைத்தான். 1963இல் வந்த ‘கலை அரசி’யிலேயே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகம் போய் வந்தாயிற்று. போனவர் போனபடியே திரும்பினார் என்பதுதான் விஷயம். பூமியில் அவருக்கிருந்த ஒழுக்கம் அங்கேயும் செல்லுபடியாயிற்று. ஓரிடத்திலும் அது அவருக்கு இடைஞ்சலாகவில்லை. இடைஞ்சல் தராத ஒழுக்கம் கதாநாயகனுக்குத் தைத்துப் போட்ட சட்டை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். ஜப்பானியனுக்கு சாமுராய் இருந்தான், அமெரிக்கன் அவனை எடுத்து ஆகாயத்துக்கு அனுப்பினான், நமக்கு அந்த மரபு இல்லையே என்பது ஒன்று. புஷ்பக விமானத்தை இழுத்துக்கொண்டு வருவது மற்றது. இரண்டாமவர்களோடு எனக்குப் பேச்சில்லை. முதலாமவர்களோடு இருக்கிறது.

அமெரிக்கன் அனுப்பிய வீரனை முதலில் பார்த்துவிடலாம். 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடரில் வார்ஃப் என்று ஒரு பாத்திரம். கிளிங்கான் இனத்தவன். அட்டைச் சுவர், நெற்றியில் ரப்பர் மேடு, வாரந்தோறும் ஒரு கதை - எல்லாம் வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1989இல் வந்த ஒரு பகுதியில் எதிரி இனத்தவன் ஒருவன் சாகக் கிடக்கிறான். அவனைப் பிழைக்க வைக்கக்கூடியது கப்பலில் வார்ஃபின் உடலில் மட்டுமே இருக்கிறது. தன் பெற்றோரைக் கொன்ற இனத்துக்குத் தர மாட்டேன் என்கிறான் அவன். தலைவன் கேட்டுப் பார்க்கிறான், கட்டளையிட மறுக்கிறான். கிடப்பவனும் அந்த அசுத்தம் எனக்கு வேண்டாம் என்கிறான். செத்துப் போகிறான். கதை யாரையும் திருத்துவதில்லை. அடுத்த ஆண்டு அதே வார்ஃப், உள்நாட்டுப் போரைத் தவிர்ப்பதற்காக, தன் தகப்பன் துரோகி என்ற பொய்ப் பழியைச் சபையில் வாய்மூடி ஏற்றுக்கொள்கிறான். சாகவிட்ட முரட்டுத்தனமும் பழியைச் சுமந்த பெருந்தன்மையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வெட்டி எறிந்தால் மற்றதும் போய்விடும்.

நாவலிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. ஹைன்லைன் 1959இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ எழுதிச் சிப்பாயின் கடமையைப் பீடத்தில் ஏற்றினார். அவர் கடற்படையில் இருந்தவர், போர்முனை கண்டவரல்ல. வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டமன் 1974இல் ‘த ஃபாரெவர் வார்’ மூலம் பதில் சொன்னார்: கடமை தவறாத சிப்பாய் ஆயிரம் வருஷப் போரிலிருந்து மீண்டு வந்து, இரு தரப்புக்கும் பேசத் தெரியாததால் மட்டுமே நடந்த போர் அது என்று தெரிந்துகொள்கிறான்.

இப்போது நம்முடையது. ‘எந்திரன்’ (2010) சிட்டியைப் பாருங்கள். படைக்கலமாக ஏற்க வந்த அதிகாரிகள் முன்னால் அது காதல் பேசுகிறது. தமிழ் சினிமாவுக்குத் தற்செயலாகக் கிடைத்த அருமையான கணம் இது. ஏவலுக்கென்று உண்டாக்கப்பட்டது ஏவலை மறுக்கிறது. அடுத்த நிமிஷமே அது கைநழுவிப் போகிறது, ஏனென்றால் கொல்வதில் அதற்கு ஆட்சேபமே கிடையாது. காதலியின் ஞாபகம், அவ்வளவுதான். பிறகு வில்லன் ஒரு சிவப்புச் சில்லைச் செருகுகிறான், சிட்டி கெட்டவனாகிறது. சில்லைப் பிடுங்கினால் நல்லவன். குணம் ஒரு சில்லில், குற்றம் இன்னொரு சில்லில்! மனிதனைப் பற்றி இதைவிடச் சோம்பேறித்தனமான கருத்து ஒன்று இருக்க முடியுமா?

மூலபுருஷர் சுஜாதாவிடம் இந்தச் சோம்பல் இல்லை. 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் சர்வாதிகாரியை எதிர்த்தவர்களே எஜமானர்களாகிற இடம் கூர்மையானது. ஆனால் கம்பீரத்தைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த உலகத்தில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டதென்று நான் மதிக்கக்கூடிய ஒரே ஜீவன் ஜீனோ. அதையும் நாயாகச் செய்து, ஹாஸ்யம் பேச வைத்துவிட்டார்.

மரபு இல்லை என்கிறவர்கள் திற்பரப்புக்கு வரட்டும். கோதையாறு பாறையில் பரந்து விழும் இடத்தில் மகாதேவர் கோவில். சிவராத்திரி ஓட்டத்தின் பன்னிரண்டு சிவாலயங்களில் இது மூன்றாவது. கையில் பனையோலை விசிறியோடு ஓடி வருகிறவர்கள் சிவன் கோவில் வாசலில் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கத்துவதை நான் வருஷாவருஷம் கேட்கிறேன். ஏன் அந்தக் கூச்சல் என்பதற்கு ஒரு கதை உண்டு.

புருஷாமிருகம் பாதி மனிதன், பாதி மிருகம். நம் ஊரார் கற்பனை செய்த வேற்றுயிர். சிவனைத் தவிர ஒன்றும் அறியாது. திருமால் பெயர் காதில் விழுந்தால் சினம் பொங்கும். யாகத்துக்காக அதன் பாலைக் கொண்டுவரப் பீமனை அனுப்புகிறார்கள். அவன் அந்தப் பெயரைச் சொல்லியே சீண்டுகிறான். அது துரத்துகிறது. வேகத்தில் பீமன் ஈடில்லை. ஆகவே கிருஷ்ணன் கொடுத்தனுப்பிய ருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்றுவிடுகிறது, நீராடி, பூஜை முடித்துத்தான் மறுபடி துரத்தும். பன்னிரண்டு முறை இப்படி. பீமன் தப்பித்தது பலத்தால் அல்ல. எதிரியின் நேர்மையை எதிரிக்கு எதிராகவே உபயோகித்தான். வீரன் என்று பெயர் பெற்றவன் செய்த காரியம் இது!

கடைசியில் ஒரு கால் எல்லைக்கு வெளியே, ஒரு கால் உள்ளே இருக்கும்போது அகப்படுகிறான். வழக்கு தர்மனிடம் போகிறது. தம்பியின் உடலில் பாதி அந்த மிருகத்துக்கே என்கிறான் தர்மன். பிறகு அரியும் அரனும் ஒன்று என்று சமரசம் வருகிறது. பக்தர்களுக்கு அது வேண்டும். எனக்கு அந்தத் தீர்ப்போடு கதை போதும். நியாயம் தவறாதவன் என்று அந்த வாயைப் புகழ்வதா, தம்பியைக் கூறு போட்ட வாய் என்று அஞ்சுவதா என்பதை ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. எந்தச் சில்லைப் பிடுங்குவீர்கள்?

புராணம் வேண்டாம் என்பவர்களுக்கு வில்லுப்பாட்டில் இரவிக்குட்டிப் பிள்ளை இருக்கிறான். திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் செத்தவன். தாயும் மனைவியும் கெட்ட சகுனம் கண்டு தடுத்தும் போகிறான். கூட இருப்பவர்கள் கைவிடுகிறார்கள். அவன் அந்தச் சாவுக்குப் போவதைத் தடுக்கும் குரலையும் பாடகன் விட்டுவிடவில்லை. பெண்களின் வாயில் வைத்துப் பாடுகிறான்.

இவ்வளவும் கையில் இருக்க, ஆளில்லா விமானம் வானில் சுற்றுகிற காலத்தில், கொல்பவனும் கொல்லப்படுபவனும் முகம் பார்க்காத காலத்தில், நாம் சிவப்புச் சில்லை வைத்துக்கொண்டு விளையாடுகிறோம். எனக்கு வேண்டிய விஞ்ஞானக் கதை அந்தப் புருஷாமிருகத்தின் தலைக்குள்ளிருந்து எழுதப்பட வேண்டும். மனிதன் வைத்த பொறி ஒவ்வொன்றிலும் தன் தெய்வத்தின் உருவத்தைக் காண்கிற வேற்றுயிர். திற்பரப்பில் அது நிற்பது மூன்றாம் முறை. இதற்குள் தந்திரம் அதற்குப் புரிந்திருக்கும். புரிந்தபின்னும், ஓடுகிறவனைப் போகவிட்டு, ஆற்றில் இறங்கிக் குளிக்கிறது.