மட்டந்தட்டியதில் போன மாகாணி

கணினியில் படம் கீறிச் சம்பாதிக்கும் எம்மவர்களுக்கும், அதைப் படிப்பதற்காக மாலை வகுப்புகளுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குமாக இம்முறை எழுதுகின்றேன்.

எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பே ஏரியாவில் ஒரு சிறிய இயந்திர வேலைத்தலத்தில் சேர்ந்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். இரண்டாம் மாதம் ஓர் அலுமினியத் தகட்டுக்குப் படம் கீறினார். ஒரே வரிசையில் 13 துளைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே எட்டில் மூன்று அங்குலம், அதாவது 0.375. கீறியது சரி. ஆனால் அளவுகளை இரண்டு தசமதானத்துக்குக் காட்டும்படி கணினி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தாளில் ஒவ்வோர் இடைவெளியும் 0.38 என்று விழுந்தது.

இயந்திரத்தில் நின்றவர் தாளில் கண்டபடி செய்தார். 12 இடைவெளிகள், 0.38 வீதம் 4.56 அங்குலம். வரவேண்டியது 4.50. கடைசித் துளை 0.06 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர், தள்ளிப்போய்விட்டது. மற்றத் தகட்டோடு பொருத்தியபோது ஆணிகள் இறங்கவில்லை. “அண்ணை, கணினிக்குள்ளே 0.375 தான் இருக்கு, நான் பிழை விடேல்லை” என்று அன்றிரவு தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. தகடுகள் பழுதானதும் உண்மை.

இது எப்படி நடந்தது? 1982இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மில்வலி என்னும் ஊரில் தொடங்கிய ஓட்டோடெஸ்க் நிறுவனம் தந்ததுதான் ஓட்டோகாட். அது ஒரு கோட்டின் முனைகளை ஏறக்குறைய 15 இலக்கத் துல்லியத்தோடு உள்ளே வைத்திருக்கின்றது. எத்தனை தசமதானம் வேண்டும் என்று நாம் அளவுக்குறிப்பில் சொல்வது, அந்த எண்ணை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்கு மட்டுமே. கோடு மாறாது, எழுத்து மாறும். கணினிக் கோப்பே நேராக இயந்திரத்துக்குப் போகும் இடங்களில் ஆபத்துக் குறைவு. அங்கேயும் முடிந்த பொருளைப் பரிசோதிப்பவர் பெரும்பாலும் தாளைப் பார்த்தே அளப்பார்.

அங்குலப் பின்னங்கள் எமது பழைய கணக்குக்கு உறவு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாகக் குறைந்துகொண்டே போகும். தசமத்தில் இவை 0.5, 0.25, 0.125, 0.0625. ஒவ்வொரு படியிலும் ஒரு தசமதானம் கூடுவதைப் பாருங்கள். அரைக்காலுக்கு மூன்று தானம் வேண்டும், மாகாணிக்கு நான்கு. இரண்டு தானத்தில் மட்டந்தட்டினால் ஒவ்வொன்றிலும் சிறிது போகும். தம்பிக்கு 12 சிறிதுகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாகாணி ஆயிற்று.

இப்படிச் சிறிது சிறிதாகச் சேரும் பிழைக்குப் பெயர்போன உதாரணம் கனடாவில் உண்டு. வன்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு சுட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. விலை மாறும் ஒவ்வொரு தடவையும் கணினி புதிய சுட்டெண்ணைக் கணித்து, மூன்று தசமதானத்துக்குப் பின்னால் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்திலிருந்தே அடுத்ததைக் கணித்தது. 1983 நவம்பரில் சுட்டெண் 524.811 இல் நின்றது. திருத்திக் கணித்தபோது வந்தது 1098.892. பாதிக்கு மேல் காணாமற் போனது வெட்டி எறிந்த துணுக்குகளாலேயே.

இன்னொரு விடயம், பூச்சியம். கடைசியில் வரும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்று ஊரில் கணக்கு வாத்தியார் சொல்லித் தந்தார். படத்தில் அப்படியல்ல. பல அமெரிக்கப் படங்களின் மூலைக் கட்டத்தில், இரண்டு தானம் எழுதினால் கூடக்குறைய 0.01 அங்குலம் விடலாம், மூன்று தானம் எழுதினால் 0.005 தான் விடலாம் என்று இருக்கும். ஆகவே 0.50 என்பதும் 0.500 என்பதும் ஒன்றல்ல. தேவையில்லாமல் மூன்று தானம் எழுதினால் வேலைச் செலவு கூடும். குறைத்து எழுதினால் பொருள் பொருந்தாமற் போகலாம். கடைசிப் பூச்சியங்களை மறைக்கும் தெரிவு ஒன்றும் ஓட்டோகாட்டில் உண்டு. அது உங்களுக்குத் தெரியாமல் போடப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

முதலில் மூலைக் கட்டத்தைப் படித்து, அதன்படி தசமதானத்தை வையுங்கள். பிறகு கீறத் தொடங்குங்கள்.

வரிசையாக உள்ள துளைகளுக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு அளவு கொடுக்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே விளிம்பிலிருந்து கொடுங்கள். பிழை ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

மட்டந்தட்டுவது கடைசியில் ஒருமுறை மாத்திரம். அங்குலத்தை மில்லிமீற்றராக்க 25.4 ஆல் பெருக்கும்போது 0.375 ஐப் பெருக்குங்கள், 9.525 வரும். 0.38 ஐப் பெருக்கினால் 9.652 வந்துவிடும்.

அளவு பிடிக்கவில்லை என்று அதன்மேல் வேறு எண்ணைத் தட்டெழுதி மறைக்காதீர்கள். கோட்டைத் திருத்துங்கள்.

தம்பி மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்னரே போய், எல்லா அளவுகளும் ஒரு விளிம்பிலிருந்து வரும்படி படத்தைத் திருத்தி, எங்கே தவறியது என்று மேற்பார்வையாளரிடம் தானே சொன்னார். மூன்று மாதம் முடிந்தது, வேலை நிரந்தரமாயிற்று. எம்மவரை வேலைத்தலத்தில் யாரும் மட்டந்தட்டாமல் இருக்கவேண்டுமானால், எதை எங்கே மட்டந்தட்டுவது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.