அப்பத்தா பார்த்த தூக்கம்



"ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவானா?"

காது சரியாகக் கேட்கவில்லை என்று என் மகனைப் பல வருடங்களுக்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். சொல்வதை எழுதச் சொன்னால் பாதி விட்டுப்போகும். 'மந்தமாக இருக்கிறான்' என்று பள்ளியில் சொன்னார்கள். வீட்டில் நானும் சொன்னேன். மருத்துவரோ காதைப் பார்க்கும் முன்பே தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அச்சகத்திலிருந்து நான் வீடு சேரும் நேரத்தில் அவன் தூங்கியிருப்பான். கூட வந்திருந்த என் அம்மாதான் சொன்னார்: "தினமும்தாங்க. நான் மூடி மூடி விடுவேன். அஞ்சு நிமிசத்துல மறுபடி பொளந்துக்குவான்."

மூக்கின் பின்பக்கம், அது தொண்டையோடு சேரும் இடத்தில் 'அடினாய்டு' என்ற சதை இருக்கிறது. நம் பக்கத்தில் 'மூக்குல சதை வளந்திருக்கு' என்பார்களே, பெரும்பாலும் அதுதான். எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மூன்றிலிருந்து ஏழு வயதுவரை பெரிதாக இருந்து, பதின்வயதில் தானாகவே சுருங்கிவிடும். அடிக்கடி சளி பிடித்து அது வீங்கினால் மூக்கின் பின்வாசல் அடைபடும். பிள்ளை வாயால் மூச்சு வாங்கத் தொடங்கும். பக்கத்திலேயே நடுக்காதுக்குப் போகும் குழாயும் திறக்கிறது. அதுவும் அடைபட்டால் காதுக்குள் நீர் கோத்து, கேட்பது மங்கும். கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், காது மங்கி வந்தவர்களிடம் இந்தச் சதையைக் கண்டுபிடித்து எழுதியது 1868-இல். அத்தனை பழைய சங்கதிக்குத்தான் நான் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூக்கு காற்றை வடிகட்டி, ஈரமாக்கி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே அனுப்புகிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது. வாய் வழியாகவே மூச்சு போனால் எச்சில் காயும், ஈறு வீங்கும், பல் சொத்தையாகும். இரவில் குறட்டை வரும். சில பிள்ளைகளுக்கு நடுவில் மூச்சே சில நொடி நின்று, திணறித் தொடரும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் நிறையச் சுரக்கிறது. அந்தத் தூக்கம் துண்டு துண்டானால் எடை ஏறாது. பகலில் எரிச்சல், கவனக்குறைவு. பெரிய பிள்ளையும் படுக்கையை நனைக்கும். சாப்பாடு போதவில்லை என்று நாமோ இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டிருப்போம்.

முகமும் மாறலாம். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்து மேல்தாடையை அகலமாக வளரவிடுகிறது. வாய் எப்போதும் திறந்திருந்தால் நாக்கு கீழே கிடக்கும், அண்ணம் குறுகி உயரும், முன்பற்கள் துருத்தும், முகம் நீளும். அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் குட்டிக் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தபோது அவற்றின் தாடையும் பல்வரிசையும் மாறின. நீள முகமெல்லாம் இதனால் வந்தது என்று அர்த்தமில்லை, பரம்பரையும் உண்டு. ஆனால் வளரும் வயதிலேயே கவனித்தால் திருத்துவது எளிது.

நம் திண்டுக்கல் சமவெளியில் மூக்கை அடைக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி, மழைக்குப்பின் வரப்பெல்லாம் பூக்கும் பார்த்தீனியம், வெயில் காணாத பஞ்சுத் தலையணை, மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் புகை. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ போயிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை. பகலில் பிள்ளையை வாய் மூடச் சொல்லி, குளிர்ந்த எவர்சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா பாருங்கள். இரவில், தூங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். சளி இல்லாத நாட்களிலும் வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா, மூச்சு நின்று வருகிறதா?

வாயில் டேப் ஒட்டாதீர்கள். மூக்கு அடைத்த பிள்ளைக்கு அது ஆபத்து. மருந்துக்கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு கூடத்தான் செய்யும். எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. பலருக்கு ஒவ்வாமையைக் கட்டுப்படுத்தி, மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தாலே போதும். அதை முடிவு செய்ய வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவர். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வர வேண்டும். வரும்போது காது பற்றியும் தூக்கம் பற்றியும் சொல்லிவிடுங்கள். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்துவிட்டது.

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் மில் வேலைக்குப் போகும் வீடுகளில் அப்பாவுக்கு ஒரு ஷிப்டு, அம்மாவுக்கு ஒரு ஷிப்டு. பிள்ளை தூங்குவதை உட்கார்ந்து பார்ப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். 'அப்படியே அவுக தாத்தா குறட்டை' என்று அவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னால், காது கொடுத்துக் கேளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அவர்களிடம் இருக்கிறது.

என் மகனுக்குச் சிகிச்சை முடிந்து காது தெளிந்தது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான். அம்மா மட்டும் அதற்குப் பிறகும் பல நாள் நடுராத்திரியில் எழுந்து அவன் பக்கத்தில் போய் நிற்பார். மூடிவிட வேண்டிய வேலை இருக்காது. போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பி வருவார்.

அன்புடன்,
ஆசிரியர்