அரை யார் பக்கம் சேரும்?



திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடந்து செல்லாத குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் மிகக் குறைவு. அடுத்த முறை செல்லும்போது அங்குள்ள கட்டணப் பலகையைச் சற்றே உற்று நோக்குங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008ஆம் ஆண்டு வெளியாயின. 2007-08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, நான்கு வழிச் சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்று அவை நிர்ணயித்தன. அதன்மேல் ஆண்டுக்கு 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் ஒரு பகுதியும் கூட்டப்படும். இப்படிக் கணக்கிட்டால் வருவது காசும் காசின் பின்னமுமாக நீளும் ஒரு தொகை. அதை அருகிலுள்ள ஐந்து ரூபாயின் மடங்காக்கி வாங்க வேண்டும் என்பது அதே விதிகளின் கட்டளை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் அறியலாம். ஓராண்டு கணக்கின்படி வந்தது 62 ரூபாய் 40 காசு எனக் கொள்வோம். நாம் கொடுப்பது 60. மறு ஆண்டு 62 ரூபாய் 60 காசு வந்தால் கொடுப்பது 65. உள்ளே உயர்ந்தது 20 காசு, வெளியே உயர்ந்தது 5 ரூபாய். ஏப்ரல் மாதத்தில் சில வண்டிகளுக்கு ஐந்து ரூபாய் கூடியும், வேறு சில வண்டிகளுக்குக் கட்டணம் அசையாமலும் இருப்பதன் காரணத்தை இதிலிருந்து உணரலாம்.

இவ்வாறு நீண்ட எண்ணைச் சுருக்கி, அதற்கு மிக அருகிலுள்ள வசதியான எண்ணை எடுத்துக்கொள்வதையே முழுமையாக்கல் என்கிறோம். கடைத்தெருவில் இதற்கு ‘ரவுண்ட் பண்ணுவது’ என்று பெயர். சில்லறை இல்லாத குறைக்காகச் செய்யும் சிறு காரியம் என்றுதான் பலரும் இதை நினைக்கின்றனர். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் இடத்தில் இந்தச் சிறு காரியம் ஒருவருடைய உரிமையைத் தொட்டுவிடுகிறது. கல்லூரியில் புள்ளியியல் பயிலும் நம் பிள்ளைகள் கணினியைக் கொண்டு இவ்வேலையைச் செய்கின்றனர். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இம்மாதம் பார்ப்போம்.

புள்ளியியலுக்கென்றே உருவான கணினி மொழி ஒன்றுண்டு. அதன் பெயர் ஓர் எழுத்துதான்: ஆர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இரு பேராசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். அதன் முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. காசு கொடுக்காமல் யாரும் பெறலாம் என்பதால் உலகெங்கும் மாணவர்கள் இதனைக் கையாளுகின்றனர்.

எண்ணைச் சுருக்க அம்மொழியில் பல கட்டளைகள் உள்ளன. ‘ரவுண்ட்’ என்பது அருகிலுள்ள எண்ணைத் தரும். ‘ஃப்ளோர்’ எப்போதும் கீழே இறக்கும்; ‘சீலிங்’ எப்போதும் மேலே ஏற்றும். ‘ட்ரங்க்’ என்பது புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டி எறியும். 7.8 என்ற எண்ணை இந்நான்கிடமும் கொடுத்தால் முறையே 8, 7, 8, 7 என விடை வரும். ‘ரவுண்ட்’ கட்டளையில் எத்தனை தசம இடம் வேண்டும் என்றும் சொல்லலாம். அவ்விடத்தில் கழித்தல் குறியுடன் 1 என்று எழுதினால் அருகிலுள்ள பத்தைத் தரும். சுங்கச்சாவடியைப் போல ஐந்தின் மடங்கு வேண்டுமாயின், எண்ணை ஐந்தால் வகுத்து, முழுமையாக்கி, மீண்டும் ஐந்தால் பெருக்க வேண்டும்.

இதுவரை சிக்கல் ஏதும் இல்லை. சரிபாதியில் நிற்கும் எண் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2.5 என்பது 2க்கும் 3க்கும் சம தொலைவில் நிற்கிறது. அந்த அரை யார் பக்கம் சேரும்?

பள்ளியில் நாம் கற்றது, அரை வந்தால் மேலே ஏற்று என்பது. நம் நாட்டின் சரக்கு சேவை வரிச் சட்டமும் (2017, பிரிவு 170) அதையே சொல்கிறது: ஐம்பது காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகும், குறைந்தது விடப்படும். எக்ஸெல் கணக்கேடும் இவ்வழியையே பின்பற்றுகிறது. ஆர் மொழியோ 2.5ஐ 2 என்றும், 3.5ஐ 4 என்றும் தரும். முதன்முதலாகக் காணும் மாணவர் கணினி பழுதாகிவிட்டதோ என்று திகைப்பார். பழுதன்று, அதற்கும் ஒரு நெறி உண்டு. அரை வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணை எடுத்துக்கொள் என்பதே அந்நெறி.

ஏன் அப்படி? 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கையும் கூட்டினால் 8. எல்லா அரையையும் மேலே ஏற்றினால் 1, 2, 3, 4 ஆகிக் கூட்டுத்தொகை 10. இரட்டைப்படை நெறிப்படி 0, 2, 2, 4 ஆகிக் கூட்டுத்தொகை 8. எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசில் ஆயிரம் முறை நிறுத்தால் ஆயிரம் முறையும் ஒருவருக்கே ஆதாயம். பாதி முறை இப்பக்கம், பாதி முறை அப்பக்கம் சாய்ந்தால் பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். இது அயல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டா. இந்தியத் தர ஆவணங்களில் முதல் எண் நம் தேசியக் கொடிக்குரியது. இரண்டாம் எண் எதற்குரியது தெரியுமா? எண்களை முழுமையாக்கும் விதிகளுக்கு! 1960ஆம் ஆண்டின் அந்த ஆவணம் இதே இரட்டைப்படை நெறியைத்தான் வகுத்துள்ளது.

நம் சமுதாயத்தைத் தொடும் ஓர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. இன்றைய பங்கீடு இது: பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. கூட்டினால் 100.

நூறு இடங்களை இப்படிப் பகிர்வதாகக் கொண்டு, பள்ளிக்கூட முறைப்படி முழுமையாக்குவோம். 26.5 என்பது 27 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். கூட்டுத்தொகை 101! இல்லாத ஓரிடத்தை உண்டாக்கிவிட்டோம். இதையே ஆர் மொழியிடம் கொடுத்தால் 26.5 என்பது 26 ஆகவும், 3.5 என்பது 4 ஆகவும் வரும். கூட்டுத்தொகை சரியாக 100. நமக்கு அரை இடம் கூடுதல் என்று மகிழ்ந்துவிட வேண்டா. நம் பங்கு 2.5 ஆக இருந்திருந்தால் அதே நெறி அதை 2 ஆக்கியிருக்கும். எண் ஒற்றையா இரட்டையா என்பதைக் கொண்டு ஒரு சமூகத்தின் உரிமையை நிர்ணயிப்பது நீதியாகுமா? இனச்சுழற்சிப் பட்டியல் 200 புள்ளிகளைக் கொண்டிருப்பதால் இக்கேள்விக்கே அங்கு இடமில்லை. 200இல் 26.5 விழுக்காடு 53, 3.5 விழுக்காடு 7. பின்னமே எழவில்லை. பின்னத்தை வெட்டுவதினும், பின்னம் எழாத அளவுகோலைத் தேர்வது எவ்வளவு சிறந்தது!

ஆனால் எல்லா இடத்திலும் அந்த வசதி அமையாது. பயிற்சிக்காக 60 இடங்களை இதே விழுக்காட்டில் பகிர்ந்து பாருங்கள். 18.6, 15.9, 2.1, 12, 9, 1.8, 0.6 என வரும். ஒன்றிலும் சரிபாதி இல்லை. எனினும் முழுமையாக்கினால் 19, 16, 2, 12, 9, 2, 1 ஆகிக் கூட்டுத்தொகை 61. சரி, முழு எண்களை மட்டும் முதலில் கொடுத்துவிடுவோம் என்றால் 57 இடங்கள் தீரும். எஞ்சிய மூன்றைப் பெரிய பின்னம் உடையோருக்கு வரிசையாகக் கொடுக்கலாம். 0.9க்கு ஒன்று, 0.8க்கு ஒன்று. மூன்றாவது இடத்துக்கு 0.6 உடையோர் இருவர் நிற்கின்றனர்: பொதுப்பிரிவும் பழங்குடியினரும். இங்கே கணினி கைவிரித்துவிடும். யாருக்கு என்பதை மனிதர் முன்கூட்டியே விதியாக வகுத்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் என்றேனும் வரக்கூடிய கணக்கு: மீராஸ் பாகப்பிரிவினை. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு மரணிக்கிறார். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் வசிய்யத்தும் போக எஞ்சியது 10 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதாவது 24இல் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7.

இதைத் தசமமாக்கி இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? எக்ஸெலில் மனைவிக்கு 0.13, மகனுக்கு 0.58, மகளுக்கு 0.29 என வரும். கூட்டுத்தொகை 1, எனவே யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் மனைவிக்குரிய 1,25,000 ரூபாய் 1,30,000 ஆகிவிட்டது. அந்த 5,000 ரூபாயில் 3,333 ரூபாய் மகனிடமிருந்தும், 1,667 ரூபாய் மகளிடமிருந்தும் சென்றது. ஆர் மொழியிலோ 0.125 என்பது சரிபாதியில் நிற்பதால் 0.12 ஆகும். அப்போது கூட்டுத்தொகை 0.99. மனைவிக்கு 5,000 குறைந்ததோடு, 10,000 ரூபாய் உரிமையாளர் இன்றி நிற்கும். ஒரே சொத்து, ஒரே வாரிசுகள். கருவி மாறியதும் ஒரு விதவையின் பங்கில் 10,000 ரூபாய் வேறுபாடு!

பின்னத்தைக் கடைசி வரை பின்னமாகவே வைத்திருந்தால் இத்தொல்லை இல்லை. 10 லட்சத்தை 14ஆல் பெருக்கி, பிறகு 24ஆல் வகுத்து, அதன்பின் காசை முழுமையாக்கினால் மகனுக்கு 5,83,333 ரூபாய் 33 காசு. அவ்வாறே மகளுக்கு 2,91,666 ரூபாய் 67 காசு. மூவரின் தொகையும் சேர்ந்து காசு குறையாமல் 10 லட்சம். நம் ஃபராயிள் நூல்கள் பங்குகளை 6, 12, 24 என்று பொது அளவில் நிறுத்திக் கணக்கிடுவதன் அருமை இப்போது புலப்படும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, தம் அல்ஜீப்ரா நூலில் பெரும் பகுதியை மரண சாசன, பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். கணினித் துறையினர் இன்று சொல்லும் அல்காரிதம் என்னும் சொல் அவர் பெயரின் திரிபே.

சுருக்கும்போது மறைந்துபோவது பணம் மட்டுமன்று, மனிதர்களும்தாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. முழு எண்ணாக்கினால் இரண்டும் 6. அந்தச் சமன் குறிக்குள் 1,88,852 பேர் மறைந்துவிடுகின்றனர்.

இனி, தொடக்கநிலை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய மூன்று செய்திகள்.

முதலாவது, காட்டுவது வேறு, மாற்றுவது வேறு. 22ஐ 7ஆல் வகுத்தால் ஆர் மொழி திரையில் 3.142857 என்று காட்டும். உள்ளே அதனினும் நீண்ட எண் பத்திரமாக இருக்கிறது. ‘ரவுண்ட்’ செய்து அதே பெயரில் சேமித்துவிட்டாலோ வெட்டிய பகுதி திரும்ப வாராது. எனவே மூல எண்ணை ஒரு பெயரிலும், சுருக்கியதை வேறு பெயரிலும் வையுங்கள்.

இரண்டாவது, நாம் எழுதும் தசம எண்ணும் கணினிக்குள் இருக்கும் எண்ணும் எப்போதும் ஒன்றல்ல. கணினி இரண்டின் அடுக்குகளால் எண்ணுகிறது. மூன்றில் ஒன்றை நம்மால் தசமத்தில் முழுமையாக எழுத இயலாததுபோல, 2.675ஐ அதனால் முழுமையாக எழுத இயலாது. உள்ளே இருப்பது 2.675க்கு மயிரிழை குறைவான எண். அதனால்தான் பைத்தான் மொழியில் இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.68க்குப் பதில் 2.67 வருகிறது. ரூபாய்க் கணக்கைக் காசாக மாற்றி முழு எண்ணிலேயே செய்தால் இத்தொல்லையில் பெரும்பகுதி ஒழியும்.

மூன்றாவது, சுருக்குவதை ஒருமுறை செய்யுங்கள். அதையும் இறுதியில் செய்யுங்கள். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்று தசம இடத்துக்கு மேற்பட்டதைக் கணினி வெட்டி எறிந்து, வெட்டிய எண்ணிலிருந்தே அடுத்த கணக்கைத் தொடங்கியது. 1983 நவம்பரில் குறியீடு 524.811இல் நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1098.892! ஆயிரத்தில் ஒன்றினும் சிறிய துணுக்குகள் இருபத்திரண்டு மாதங்களில் பாதியைத் தின்றுவிட்டன.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணினியில் போட்ட கணக்கைக் கொண்டு வந்தால், ‘கூட்டினால் முழுத்தொகை வருகிறதா? அரையை எப்பக்கம் சேர்த்தாய்? எந்த இடத்தில் சுருக்கினாய்?’ என்று கேளுங்கள். ஜமாஅத்தில் பாகப்பிரிவினைத் தாள் உங்கள் கைக்கு வந்தாலும் இம்மூன்றையும் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். கேட்பது அவநம்பிக்கையாகாது. அடுத்தவர் உரிமையில் ஒரு காசும் நம் பக்கம் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமே அக்கேள்விக்குக் காரணமாக இருக்கட்டும். எண்ணைச் சுருக்குவதில் தவறில்லை. சுருக்கியதை அறியாதிருப்பதுதான் தவறு.