சென்னைக் கடலில் மூன்று மணி நேரம்

மந்தைவெளி என்றால் மாட்டு மந்தை மேய்ந்த வெளி நினைவுக்கு வருமேயன்றிச் சமுத்திரம் நினைவுக்கு வராது. எனினும் நம் வீட்டு வாசலிலிருந்து கிழக்கே இருபது நிமிஷம் நடந்தால் வங்கக் கடல் வந்து காலை நனைக்கும். இத்தனை அருகில் குடியிருந்தும், நாற்பது பிராயம் கடந்த நாம் கடலுக்குச் செய்த மரியாதையெல்லாம் முழங்கால் மட்டும் நனைந்து, சுண்டல் தின்று, வீடு திரும்பியதுதான். நீரில் மிதக்கும் வாகனம் என்று நாம் கண்டது கபாலீசுவரரின் தெப்பம் ஒன்றே. இந்த லட்சணத்தில், 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் கப்பற்படை செலுத்திய வரலாற்றை வருஷந்தோறும் மேஜையைத் தட்டிப் போதித்து வருகிறோம்!

சென்ற மாதம் இதற்கு ஒரு பரிகாரம் நேர்ந்தது. பட்டினப்பாக்கத்து மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், நம்மிடம் படித்தவன். இப்போது சிறுவர்களுக்குப் பாய்மரப் படகு செலுத்தக் கற்றுக் கொடுக்கிறான். "சார், ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. துறைமுகத்துலேர்ந்து ஒரு சுத்து போய் வரலாம்" என்று வீடு தேடி வந்து அழைத்தான்.

"உங்களுக்கு நீந்தவே தெரியாதே!" என்றாள் நம் இல்லாள். அதற்கு மிதவைச் சட்டை இருக்கிறதென்று சமாதானம் சொல்லிப் புறப்பட்டோம்.

பெரிய கப்பல்களின் நிழலில் எறும்பு போல் ஊர்ந்து, துறைமுக வாயிலைத் தாண்டியதும் படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. நாம் கண்ணை மூடிக் கொண்டோம். "அப்பா, கண்ணைத் திறங்க. சும்மா காத்துதான்" என்றாள் நம் புதல்வி. வெட்கத்துடன் திறந்தோம். பாய் புடைத்து நின்றது. இயந்திர ஓசை இல்லை. நீரைக் கிழிக்கும் சலசலப்பு மட்டுமே. விடியுமுன் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கட்டுமரம் ஏறிச் சென்று, பகலில் கடற்காற்று எழுந்ததும் அதன் துணையாலேயே கரை சேர்வது முன்னோர் வழக்கம் என்று அவன் விளக்கினான். எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் நேரே செல்லாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தத் துடுப்புகளைப் பிடித்த கைகள் இன்றிக் கோட்டையும் இல்லை, வியாபாரமும் இல்லை. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எழும்பிய சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் தகர்த்தெறிந்தது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே இருந்த வாயிலில் அலையும் மணலும் புகுந்து தொல்லை கொடுக்கவே, சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் காலத்தில் அதனை வடகிழக்குக்கு மாற்றினார்கள். அதே ஸ்பிரிங் துரை 1911-இல் இங்கே பாய்மரப் படகுச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். அன்று துரைமார்களின் பொழுதுபோக்காயிருந்த இவ்வித்தையில், சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். பாய்மரப் போட்டிக்கு அங்கே தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

படகைச் சற்றே நிறுத்தி, "சார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாருங்க" என்றான் அவன். தெற்கே மெரீனாவின் அகன்ற மணல், அதன் பின்னே பல்கலைக்கழகக் கட்டிடங்கள், தொலைவில் கலங்கரை விளக்கம். வடக்கே ராயபுரத்துக்கு அப்பால், மணலுக்குப் பதிலாகக் கருங்கல் குவியல்.

"ஏழாம் வகுப்புல ஒரு கேள்வி கேட்டீங்க. மெரீனா இவ்வளவு அகலமா இருக்கக் காரணம் யாதுன்னு. ஞாபகம் இருக்கா சார்?"

நமக்கு நினைவு வந்தது. 'இயற்கை அன்னையின் கொடை' என்ற விடையை நாம் எதிர்பார்த்தோம். அவனோ, துறைமுகச் சுவர் மணலைத் தடுத்து விட்டது, வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் சித்தப்பா வீட்டைக் கடல் கொண்டு போயிற்று என்று எழுதியிருந்தான். 'கேட்டதற்கு மட்டும் விடை எழுது' என்று சிவப்பு மையால் எழுதிப் பூஜ்யமிட்டோம்.

உண்மை என்ன? இக்கரையோரமாக அலைகள் வருஷத்தில் பெரும் பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக் காற்றின்போது மட்டும் திசை மாறுகிறது. குறுக்கே சுவர் எழுந்ததும் தெற்கில் மணல் சேர்ந்து மெரீனா விரிந்தது. வடக்கில் கரை அரிந்தது. நாம் மாலை வேளைகளில் உலாவும் மணலில் ஒரு பங்கு வட சென்னைக் குப்பங்கள் இழந்த மணல். இதைப் பன்னிரண்டு வயதுப் பையன் அறிந்திருந்தான். பட்டதாரி ஆசிரியர் அறிந்திருக்கவில்லை.

"பூஜ்யத்தைத் திருத்தி விட்டோம், தம்பி. முழு மதிப்பெண்" என்றோம். குரல் சற்றே தழுதழுத்தது. உப்புக் காற்றின் மேல் பழி போட்டோம்.

அவன் சிரித்தான். "மார்க் வேணாம் சார். உங்க கிளாஸ் பிள்ளைங்களை ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்புங்க. அது போதும்."

மறுநாளே பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பினோம். முப்பத்தெட்டுப் பேரில் இதுவரை சம்மதித்தவர் நால்வர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சிலைக்கு மாலையிடுகிறோம். நம் பிள்ளை படகில் ஏறுவதென்றால் மட்டும் அஞ்சுகிறோம். அந்த முப்பத்துநான்கு வீடுகளில் இப்பத்திரிகையை வாசிப்போர் இருப்பின், தயவு செய்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். மிதவைச் சட்டை உண்டு. வாத்தியாரே பிழைத்து வந்திருக்கிறார்!